செவ்வந்தி படுத்துத் தூங்கினாள்

குதிரை வாசம் மாறாத என் அய்யாவுக்கு,

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செவ்வந்தி படுத்துத் தூங்கினாள். நேற்று விடியற்காலையில், கால்களை நீட்டி, ஒரு பக்கக் கன்னம் மணலில் பதிய, வாய் லேசாகத் திறந்தபடி தூங்கினாள். நான் என் கண்ணால் பார்த்தேன்.

இது ஏன் இவ்வளவு பெரிய செய்தி என்று உங்களுக்குப் புரியாது. நீங்கள் கண்மூடிய பிறகு நடந்ததைச் சொன்னால்தான் புரியும்.

நீங்கள் போட்ட ஓலைக்கொட்டகை மழைக்காலத்துக் காற்றில் சாய்ந்துவிட்டது. "அண்ணன் குதிரை, என் பொறுப்பு" என்று சித்தப்பா வேலையில்லாத நாட்களிலெல்லாம் வந்து, ஒற்றை ஆளாகப் புதுக் கொட்டடி கட்டினார். உங்கள் தம்பியை உங்களுக்குத் தெரியாதா? இராமேஸ்வரத்தில் லாட்ஜ் அறைகளைத் தவிர வேறெதுவும் கட்டியறியாத கொத்தனார். செவ்வந்திக்கும் லாட்ஜ் அறையே கட்டிவிட்டார். நான்கு பக்கமும் முழுச் சுவர், வெள்ளை டைல்ஸ் தரை, எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல். வாசம் வீட்டுக்குள் வரக்கூடாதென்று வாசலைக்கூடத் தெருப்பக்கம் வைத்துவிட்டார்.

"காலிங் பெல்லு எங்க கொழுந்தனாரே?" என்று அம்மா கேட்டாள்.

"கிண்டல் பண்ணாதீய மதினி. இது ஏசி ரூமுக்குப் போடுற டைல்ஸாக்கும்."

நீங்கள் போன பிறகு அம்மா முதன்முதலாகச் சிரித்தது அன்றுதான்.

இப்போது குதிரைவண்டி ஓட்டுவது அம்மா. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டேஷனுக்கும் கோயிலுக்கும் ஓட்டுகிறாள். போன வாரம், சவாரி ஏற்றிக்கொண்டு நின்றபோது, செவ்வந்தியின் முன்னங்கால்கள் திடீரென்று மடங்கின. வண்டி முன்பக்கமாகச் சாய்ந்தது. உள்ளே ஒரு கைக்குழந்தை. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

கால்நடை மருத்துவர் வந்து அவள் காலைத் தூக்கிப் பார்த்தார். குளம்புக்கு மேலே, முன்பக்கம், தோல் உரிந்து தழும்பாகியிருந்தது.

"குதிரை நின்னுக்கிட்டே கண்ணசரும்மா. ஆனா கொஞ்ச நேரமாச்சும் படுத்துத் தூங்கணும். இது பல நாளாப் படுக்கவே இல்ல. அசந்து அசந்து விழுந்திருக்கு, அந்தக் காயந்தான் இது."

"நாளைக்கு ஒரு புள்ள மேல விழுந்துட்டா நான் என்ன செய்வேன்?" என்றாள் அம்மா. அன்றைக்கே நயினார்கோவில் பக்கத்தில் ஒருவரிடம் அவளை விலை பேசி முடித்தாள். வெள்ளிக்கிழமை வந்து அவளைக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. பேசிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள். கழுவ அவ்வளவு பாத்திரம் எங்களிடம் இல்லை, அய்யா.

எங்கள் பள்ளியில் பரீட்சைப் பயம் போவதற்காக விளையாட்டு டீச்சர் ஒரு பயிற்சி சொல்லித்தருகிறார். படுத்துக் கண்ணை மூடி, உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை ஒவ்வோர் இடமாகக் கவனிக்க வேண்டும். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே கனக்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். நீங்கள் போனதிலிருந்து என் பற்களைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். அதே பயிற்சியைச் செவ்வந்தியின் இடத்தில் செய்தால் என்ன என்று தோன்றியது.

அவளை வெளியே கட்டிவிட்டு உள்ளே போனேன். முதலில் கையும் முழங்காலும் ஊன்றி நின்றேன். ஈர டைல்ஸில் முழங்கால் வழுக்கியது. வழுக்காமலிருக்க வயிறு தானாக இறுகியது. படுத்தேன். கச்சான் காற்று வரும் மேற்குப் பக்கமும் சுவர்தான் என்பதால் மூச்சு முட்டியது. தெருவில் ஆட்டோ போனால் நான்கு சுவரும் சேர்ந்து உறுமின. எல்லாவற்றையும்விட, என் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஒரு நிமிடம்கூடக் கண்ணை மூட முடியவில்லை.

"ஏத்தா, மயக்கமா?" என்று சித்தப்பா ஓடிவந்தார்.

எப்படிச் சொல்வது? உங்கள் மேல் உள்ள பாசத்தையெல்லாம் குழைத்துப் பூசிய சுவர் அது. ஆனாலும் சொன்னேன். நூலகத்தில் படித்ததையும் சொன்னேன்: குதிரைகள் கூட்டமாக இருக்கும்போது எல்லாம் ஒன்றாகப் படுக்காது. ஒன்றாவது நின்று காவல் காக்கும்.

"முன்னாடி அய்யா கயித்துக் கட்டில் போட்டு அவ பக்கத்துலயே படுத்திருப்பாருல்ல சித்தப்பா? இப்ப அவளுக்கு யாரு காவல்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, என் பக்கத்தில் தானும் மல்லாந்து படுத்தார். கண்ணை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

"இத்தன வருசம் ரூம் கட்டியிருக்கேன். ஒண்ணுல கூடப் படுத்துப் பாத்ததில்லத்தா" என்றார். எழுந்து போய் சம்மட்டியோடு வந்தார்.

டைல்ஸைப் பெயர்த்து மணல் நிரப்பினோம். மேற்குச் சுவரையும் சமையலறைப் பக்கச் சுவரையும் அரைச்சுவராக இடித்தோம். சித்தப்பா அதோடு நிற்கவில்லை. அம்மாவை அடுப்புமேடை முன்னால் நிறுத்தி, "கண்ண மூடிச் சொல்லுங்க மதினி, எங்க வலிக்கி?" என்றார்.

அம்மா சிரித்தாள். பிறகு கண்ணை மூடினாள். "தோளு ரெண்டும் காதுகிட்ட நிக்கிது கொழுந்தனாரே" என்றாள், ஆச்சரியத்தோடு. அந்த மேடையும் அவர் கட்டியதுதான், லாட்ஜ் சமையல்காரரின் உயரத்துக்கு. அதையும் இரண்டு வரிசைச் செங்கல் குறைத்தார்.

அதன் பிறகும் இரண்டு நாள் செவ்வந்தி படுக்கவில்லை. மணலில் குளம்புத் தடம் மட்டுமே இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

நேற்று விடியற்காலையில் பால் தீயும் வாசம் வந்து எழுந்தேன். பால் பொங்கி வழிய, அம்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அம்மா, பாலு!"

"சத்தம் போடாத. அடுப்ப நீ அணை. நான் நகந்தா எந்திரிச்சிருவா."

அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் செவ்வந்தி படுத்திருந்தாள். அம்மா அடுப்பு பற்றவைத்ததும் செவ்வந்தி அவளை ஒருமுறை பார்த்தாளாம், பிறகு முழங்காலை மடக்கினாளாம். காவலுக்கு அம்மா எழுந்து வருவதற்காகவே காத்திருந்தாளோ? அம்மா அசையவே இல்லை. அவள் தோள்கள் இரண்டும் கீழே இறங்கியிருந்ததைப் பார்த்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. "வர வேண்டாம்ணே, புள்ள தூங்க ஆரம்பிச்சிட்டா" என்று அம்மா நயினார்கோவில்காரரிடம் போனில் சொன்னாள். எந்தப் புள்ள என்று அவர் குழம்பியிருப்பார்.

வண்டி பூட்டும் முன் நீங்கள் செவ்வந்தியின் கழுத்தில் கைவைத்துச் சும்மா நிற்பீர்களே, அப்போது எதைக் கவனித்துக்கொண்டிருந்தீர்கள்? கேட்காமலே விட்டுவிட்டேன்.

இன்னும் கொஞ்ச நாளைக்கு அவளுக்கு வண்டியில்லை, ஓய்வுதான். அம்மாவுக்கும் ஓய்வு வேண்டுமில்லையா? அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தூங்கட்டும். அடுப்பை நான் பற்றவைக்கிறேன், அய்யா. செவ்வந்தி எழுந்திருக்கும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்.

உங்கள் கட்டில் காலடியில் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும் மகள்,
மங்கை