நாலு மணிக்கு ப்ரீபோன்

12 ஆகஸ்ட் 1998, புதன்

எங்கள் பல் டாக்டரம்மா இன்று சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. "ஆறு மணிக்கு வர்றவங்களை எல்லாம் நாலுக்கு ப்ரீபோன் பண்ணிடும்மா" என்றார். நானே எல்லாருக்கும் போன் செய்து அப்படியே சொன்னேன்.

லண்டனிலிருந்து வந்திருக்கும் ஓர் அம்மாள், கிளினிக்கில் அத்தனை பேர் முன்னால் சிரித்தார். "ப்ரீபோனா? இங்கிலீஷ்ல அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. இந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்கு?"

எட்டாவது. டாக்டரம்மா ரெஜிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவர் சொன்ன வார்த்தை என்று நான் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"வார்த்தை இல்லேன்னாலும் நீங்க கரெக்டா நாலு மணிக்கு வந்துட்டீங்களே மேடம்?"

கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த ஆட்டோக்காரர், "ஐயோ, சிரிக்க வைக்காதே பாப்பா, வலிக்குது" என்றார்.

அந்த அம்மாள் போனதும் டாக்டரம்மா, "நாளையிலேர்ந்து நர்ஸ் போன் எடுக்கட்டும். நீ சாமான் கழுவு, போதும்" என்றார்.

என்னை அந்தப் போனைத் தொட விடுவதற்கே ஒரு வருஷம் ஆனது. விட்டுவிடுவேனா? நர்ஸ் பத்து மணிக்குத்தான் வருவார். பிரேசர் டவுனில் இருக்கும் இந்தக் கிளினிக்கை ஒன்பதுக்குத் திறப்பது நான். அந்த ஒரு மணி நேரம் போன் அடித்தால் நான்தான் எடுப்பேன். ப்ரீபோன் என்றுதான் சொல்வேன்.