ஒரே பேரில் இரண்டு சூக்கா

இந்தக் காப்பி மெஷின் நம் வீட்டுக்கு வந்த வருஷத்தை எனக்கு நம்பரில் சொல்லத் தெரியாது. நோய்க்குப் பயந்து நாடே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்த வருஷம் அது. பின்வீட்டு மலாய்க்காரர் மகள் கல்யாணத்துக்குப் போட்ட பந்தலை, விருந்தாளி யாரும் வரக்கூடாது என்று, போட்ட கையோடு பிரித்தார்கள். நம் ரம்புத்தான் மரம் என்றைக்கும் இல்லாதபடி காய்த்து, கொடுக்க ஆளில்லாமல் தரையில் கிடந்து புளித்தது. ரெம்பியா ஊர் ஒட்டுக்கடையில் நாற்காலிகளைக் கவிழ்த்து மேசைமேல் அடுக்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பசார் முடிந்து அங்கே உட்கார்ந்து ஒரு காப்பி குடித்தால்தான் உனக்கு அந்த வாரம் முடியும். அது நின்றுபோய் நீ முகம் வாடிக் கிடந்ததைப் பார்த்துத்தான் பாப்பா இந்த மெஷினை வாங்கி வந்தாள்.

இன்று காலை அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. நாளைக்கு உன் தலைத்திவசம். படையலில் உனக்கு இந்த மெஷின் காப்பிதான் வைக்க வேண்டும் என்று பாப்பா முதலிலேயே சொல்லிவிட்டாள். பட்டனை அமுக்கினால் அது இருமுகிறது, முனகுகிறது, சொட்டுச் சொட்டாய் விட்டு நின்றுபோகிறது. நீ போனதிலிருந்து அதை யாரும் கழுவவில்லை. இந்த அடுப்படியில் இன்று நடந்ததை உனக்குச் சொல்லியாக வேண்டும். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பாப்பாதான் எழுதுகிறாள். பதறாதே. ஏன் அவள் கையாலேயே எழுத வைக்கிறேன் என்பது முடிவதற்குள் உனக்கு விளங்கிவிடும்.

மெஷின் வந்த முதல் நாள் நீ அதைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

"இதென்ன பாப்பா, காப்பி போடச் சொன்னா எருமை மாதிரி மூச்சு விடுது?"

"உள்ள தண்ணி கொதிக்குதும்மா. நீங்க சும்மா பட்டன அமுக்குனா போதும்லா."

"பட்டன அமுக்கறதுக்கா நான் பொறந்தேன்? உங்கப்பாவ அமுக்கச் சொல்லு, அவரு சும்மாதான இருக்காரு."

இப்படியெல்லாம் பேசிவிட்டு, முதல் மடக்குக் குடித்ததும் கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்த மெஷினை நீ என்னைத் தொடக்கூட விட்டதில்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து வாடை என்று, வீட்டுக் கிணற்றுத் தண்ணீரையே அதில் ஊற்றினாய். கிணற்றுத் தண்ணீருக்குச் சுண்ணாம்புக் காறை சீக்கிரம் பிடிக்கும். சில மாதத்திலேயே இதே சிவப்பு விளக்கு எரிந்தது. கூட வந்த புத்தகத்தில் வினிகர் என்று போட்டிருந்ததைப் பாப்பா படித்துப் பார்த்துவிட்டு, "சூக்கா ஊத்திக் கழுவணுமாம்மா. பாதிக்குப் பாதி தண்ணி கலந்து," என்றாள். உன் முகம் மாறிப்போனது.

"அந்தச் சனியன் ஒரு சொட்டு என் வாசப்படி தாண்டக் கூடாது."

"கடையில விக்கிற வெள்ளைச் சூக்காம்மா. சாப்பாட்டுல ஊத்துறது."

"எந்தச் சூக்காவா இருந்தா என்ன? பேரு ஒண்ணுதானே?"

நீ கொல்லைக்குப் போய் எலுமிச்சங்காய் பறித்து வந்தாய். சாறு பிழிந்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் கலந்து மெஷினுக்கு ஊற்றினாய். பாதி இறங்கியதும் பட்டனை நிறுத்தி, "ஊறட்டும்" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீவனம் போடப் போனாய். திரும்பி வந்து மீதியை ஓடவிட்டாய். கண்ணாடிக் குவளையில் கலங்கலாக, மணல் மணலாக இறங்கியது. பிறகு புளிப்பு வாடை போகிறவரை வெறும் தண்ணீரை ஓடவிட்டு, ஒவ்வொரு தடவையும் நாக்கில் தொட்டுப் பார்த்தாய். பாப்பாவுக்கு அது கிழவியின் பிடிவாதமாகத் தெரிந்திருக்கும். காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

இன்று அவள் போத்தல் வாங்கி வந்துவிட்டாள். நீ இல்லாத வீடுதானே என்று நினைத்தாளோ, வேலைக்குப் போகிற அவசரமோ. மூடியைத் திறந்தாள். வாடை வந்தது. எத்தனை வருஷத்துக்குப் பிறகு! தோட்டத்து ரப்பர்ப் பால் ஸ்டோரின் ஈரத்தரையும், வரிசையாய் அடுக்கிய ஜாடிகளும் ஒரு நொடியில் கண்முன் வந்து நின்றன.

"கொட்டு அத! வெளிய கொண்டுபோயிக் கொட்டு!" என்று கத்திவிட்டேன். நான் கத்தி நீ பார்த்திருக்கிறாயா?

பாப்பா போத்தலை மூடி வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"எனக்குத் தெரியும்ப்பா. என்னைப் பெத்தவ குடிச்சதும் சூக்காதான். அதனாலதான் நீங்க ரெண்டு பேரும் இத வீட்டுக்குள்ள விடல. பள்ளிக்கூடத்துலயே எனக்குத் தெரியும். 'சூக்கா குடிச்சவ மக'ன்னு கூப்பிடுவாங்க. நான் வந்து வீட்டுல சொன்னதில்ல. அம்மா அழுவாங்கன்னு."

போத்தலைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவளே தொடர்ந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்ப்பா எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. தொட்டில்ல கெடந்த புள்ளைய விட்டுட்டுப் போவ எப்படி மனசு வந்துச்சு? நான் என்ன செஞ்சேன்?"

பேத்தி எடுக்கிற வயசு அவளுக்கு. தலையில் பாதி நரைத்துவிட்டது. கிளினிக்கில் ஊருக்கெல்லாம் மருந்து எடுத்துக் கொடுத்து, "பயப்படாதீங்கம்மா" என்று தைரியம் சொல்கிறவள். இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு நமக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

நீ என்னிடம் வாங்கிய சத்தியம் அந்த இடத்தில் குறுக்கே வந்து நின்றது.

அந்தச் சத்தியத்தை எங்கே வாங்கினாய் என்பது நினைவிருக்கிறதா? லூபோக் சீனா ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் கோயில் பின்னால். உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று நான் ஆள் விட்டிருந்தேன். நீயே நேரில் வந்தாய், இடுப்பில் பாப்பாவோடு.

"நான் வந்தா இவளோடதான் வருவேன். அதுக்கு முன்னால ஒண்ணு கேட்டுக்குங்க. கேட்டுட்டு வேணாம்னா சொல்லிடுங்க."

அதற்கு முந்தின வருஷம்தான் உன் அக்கா போனாள். மேல் காட்டில் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு முதல்முதலாக எண்ணெய்ச் செம்பனை நட்ட வருஷம். நீ அப்போது மலாக்கா டவுனில் நோஞ்ஞா என்கிற மலாக்காச் சீன அம்மாள் ஒருத்தி வீட்டில் சமையலுக்குக் கூடமாட இருந்தாய். லீவில் வந்தபோது அக்காவுக்குத் தொண்டை கட்டிக் குரலே இல்லை. கைக்குழந்தை அவள் பாட்டைக் கேட்காமல் தூங்காது. பாட வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குழந்தை வீறிட்டது. பக்கத்து வீட்டில் இருந்த எனக்கே அந்த அழுகை கேட்டுக்கொண்டிருந்தது. உனக்கும் ஒரு தடவை இப்படித் தொண்டை கட்டியபோது, நோஞ்ஞா அம்மாள் வெந்நீரில் ஒரு கரண்டி சூக்கா ஊற்றிக் கொடுத்தாளாம். மறுநாளே சரியாகிவிட்டதாம்.

"சூக்காவ சுடுதண்ணியில ஊத்திக் குடிக்கா. நாளைக்குப் பாடுவ பாரு," என்று அக்காவிடம் சொல்லிவிட்டு நீ பஸ் ஏறிப் போய்விட்டாய்.

நீ சொன்னது மீனிலும் அச்சார் ஊறுகாயிலும் ஊற்றுகிற சூக்கா. உன் அக்கா பிறந்ததிலிருந்து தோட்டத்தை விட்டுப் போகாதவள். அவளுக்குத் தெரிந்த சூக்கா ஒன்றுதான். ரப்பர் பாலை உறைய வைக்க ஊற்றுகிற ஆசிட். மலாய்க்காரர்கள் இரண்டுக்கும் ஒரே பேரை வைத்திருக்கிறார்கள். அவள் புருஷன் சீனன் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் கைவேலைக்குப் போகிறவன். அதற்காக வீட்டு மூலையில் அவன் வைத்திருந்த போத்தலைத்தான் உன் அக்கா எடுத்தாள்.

தோட்டத்து லாரியில் அவளைத் தூக்கி ஏற்றியவர்களில் நானும் ஒருவன். குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. அழுது அழுது தானாகவே தூங்கியிருக்கிறது. மலாக்கா ஆஸ்பத்திரிக்கு நீ ஓடி வந்தாய். அவளால் பேச முடியவில்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு உன் முகத்தையே பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை அது என்று நான் எத்தனையோ தடவை உனக்குச் சொல்லியிருக்கிறேன். நீ நம்பியதில்லை.

தோட்டத்தில் சூக்கா குடித்தவர்கள் அதற்கு முன்னும் உண்டு. அதனால் யாரும் வேறு மாதிரி நினைக்கவில்லை. புருஷன் சண்டை போட்டான், அவள் குடித்துவிட்டாள் என்று ஒரே பேச்சாகப் பேசி முடித்தார்கள். அவனும் தலை குனிந்து ஜோகூர்ப் பக்கம் போனவன்தான், குழந்தையைப் பார்க்கக்கூடத் திரும்பி வரவில்லை.

"கொன்னவ நான்தாங்க," என்றாய் கோயில் பின்னால் நின்று.

"நீ சொன்ன சூக்கா வேற, உங்கக்கா குடிச்ச சூக்கா வேற."

"பேரு ஒண்ணுதானேங்க."

பாப்பாவை உன் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். அப்போதுதான் சத்தியம் கேட்டாய். "என்னைக்கும் இவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா என்னைய அம்மான்னு கூப்பிடற ஒரு சொல்லு போயிடும். அது போனா எனக்கு வேற ஒண்ணும் இல்ல."

பாப்பாவுக்குப் பேர் வைத்தவள் உன் அக்காதான். அந்தப் பேரைச் சொன்னால் அக்கா குரலிலேயே காதில் விழுகிறது என்று நீ ஒரு நாளும் அதைச் சொல்லவில்லை. கடைசிவரை பாப்பா, பாப்பா. உன்னைப் பார்த்து எனக்கும் அதுவே பழகிவிட்டது.

அந்தச் சத்தியத்தை இன்று காலை உடைத்துவிட்டேன். நீ சொல்லாததால் உன் பேர் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்தப் பாரத்தை இந்தப் பிள்ளை அல்லவா இத்தனை காலம் சுமந்திருக்கிறாள்? அதைப் பார்த்த பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. உன்னிடம் திட்டு வாங்கிக்கொள்ளலாம், நானும் வரப்போகிறவன்தானே என்று நினைத்தேன்.

"உன்ன விட்டுட்டுப் போவணும்னு அவ குடிக்கலம்மா. உன்னத் தூங்க வைக்கப் பாட்டு வரணும்னு குடிச்சா," என்றேன்.

பாப்பா ஸ்டூலில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். நான் தொடவில்லை. அழட்டும் என்று விட்டேன். பிறகு அவளே நிமிர்ந்து கேட்டாள்.

"சூக்கா குடிக்கச் சொன்னது யாருப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரி என்று சொன்னால் முடிந்துபோயிருக்கும். ஆனால் பாதி உண்மையைக் கொடுத்தால் மீதியை அவள் என்றைக்காவது தேடுவாள். 'உன் அம்மா' என்ற சொல் எனக்கு வாயில் வரவில்லை. "உன்ன வளத்தவ," என்றேன். "டவுன் சூக்காவ நெனச்சுச் சொன்னா. அந்த ஒரு பேச்ச நெனச்சு நெனச்சுச் சாகுற வரைக்கும் வெந்தா."

பாப்பா எழுந்தாள். பின்கதவைத் திறந்துகொண்டு வெளியே போனாள். மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ பயந்தது நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். உன் தலைத்திவசத்துக்கு முதல் நாளா நான் இதைச் செய்ய வேண்டும்?

கொல்லையில் கிளை அசைகிற சத்தம் கேட்டது. பாப்பா திரும்பி வந்தாள். முந்தானையில் எலுமிச்சங்காய். கையில் முள் கீறி ரத்தம். காய்களைத் தொட்டியில் கொட்டிக் கழுவினாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"ப்பா, அம்மா இத வடிகட்டி ஊத்துவாங்களா, அப்படியே ஊத்துவாங்களா?"

கேட்டதா உனக்கு? அந்தச் சொல் போகவில்லை.

உன் வெள்ளைத் துணியை எடுத்துக் கொடுத்தேன். அவள் பிழிந்தாள், நான் துணியைப் பிடித்தேன். பாதி இறங்கியதும் நிறுத்தி, நீ சொல்கிற மாதிரியே "ஊறட்டும்" என்றாள். கோழிக்குத் தீவனம் போட்டுவிட்டு வந்து மீதியை ஓடவிட்டோம். ஒரு வருஷத்துக் காறை, வெள்ளை வெள்ளையாய்ச் செதில் உதிர்ந்து வந்தது. அதில் நீ ஊற்றிய கிணற்றுத் தண்ணீரும் கொஞ்சம் இருக்கும் என்று தோன்றியது. சாக்கடையில் ஊற்ற மனசில்லாமல் எலுமிச்சை மரத்தடியில் கொண்டுபோய் ஊற்றினேன். வினிகர் போத்தலைப் பாப்பா பின்வீட்டு மலாய்க்காரருக்குக் கொடுத்துவிட்டாள். இப்போது விளக்கு எரியவில்லை. நாளைக்கு உனக்குக் காப்பி உண்டு.

அன்று உன் அக்காவின் லயத்து வீட்டில் நின்றவர்களை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உன் அம்மா, லாரி ஓட்டியவர், ஓடி வந்த தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் எல்லோரும் போய்விட்டார்கள். ஜோகூருக்குப் போனவனும் அங்கேயே போய்ச் சேர்ந்தான் என்று கேள்வி. நீயும் போனாய். நான் இருக்கிறேன் என்றாலும், என்னைக் கணக்கில் சேர்க்காதே. இன்றைக்கோ நாளைக்கோ என்று இருப்பவன். எனக்குப் பிறகு ஒருத்திதான் மிச்சம். அன்று தொட்டிலில் தூங்கியவள். அவள் அம்மா அவளை விட்டுவிட்டுப் போகவில்லை என்பது இன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. இரண்டு அம்மாவும் இப்போது அவளிடம்தான் இருக்கிறீர்கள். உன் அக்கா வைத்த பேரை, நீ வாய்விட்டு ஒரு நாளும் கூப்பிடாத அந்தப் பேரை, இங்கே எழுதச் சொல்கிறேன். பேனா நிற்கிறது. என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா, உன் பேர்தானே என்கிறேன்.

கனகவல்லி.