பார்க்கப் பார்க்க மங்கும் பச்சை

இன்று காலையும் ஆய்வுகூடத்தில் மின்சாரம் இல்லை. உமது அண்ணை ஊர்காவற்றுறையிலிருந்து ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார். மூடியைத் திறந்ததும் அதே மீன் வாடை. "தங்கச்சி இல்லாட்டி என்ன, ஐஸ் நான் தருவன்தானே," என்றார். நான் பெட்டியை உள்ளே இழுத்து வைத்தேன்.

மின்வெட்டு நாட்களில் இந்தப் பெட்டியோடு நீர் வரும் பஸ்ஸில்தான் நான் வேலணையில் ஏறுவேன். உங்கள் வீட்டு வள்ளத்துக்கு வாங்கிய ஐஸுக்குள், சூடானால் கெட்டுப்போகும் எங்கள் பிறபொருளெதிரிக் குப்பி பத்திரமாக இருக்கும். "என்ன பிள்ளை, பாரையோ விளைமீனோ?" என்று யாராவது கேட்பார்கள். "இது குழம்புக்கு ஏலாது அக்கா," என்பீர். பஸ்ஸே சிரிக்கும்.

கலத்துக்குள் 'பெருகு' என்று கட்டளை கடத்தும் புரதத்தை மட்டும் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் பொருள் அந்தப் பிறபொருளெதிரி. ஒட்டிய இடம் நுணுக்குக்காட்டியில் பச்சையாக ஒளிரும். ஊராரின் உடல் இழையத் துண்டுகளில் அந்தப் பச்சையைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் உமக்கே புற்றுநோய்க் கட்டி வந்தது. மாதக்கணக்கில் அந்தக் கட்டளையை நிறுத்தவென்று குளிசை விழுங்கல், வாந்தி, பிறகு சத்திரசிகிச்சை. வெட்டியெடுத்ததில் ஒரு துண்டை நீரே ஆய்வுக்குக் கொடுத்தீர். "இவ்வளவு குளிசையும் அந்தக் கட்டளையை நிப்பாட்டினதோ எண்டு பாத்துச் சொல்லும். எனக்கு அறிய வேணும்."

பழைய குப்பி தீர்ந்து, கொழும்பிலிருந்து புதுக் குப்பி வருமுன் நீர் போய்விட்டீர். வந்த பிறகும் எனக்கு மனம் வராமல் தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு நாளும் வேறு வேலை இருந்தது என்று சொல்லலாம்.

இன்று சாயமேற்றி வைத்தேன். பின்னேரம் மின்சாரம் வந்தது. உமது துண்டு ஒட்டிய கண்ணாடி வழுக்கியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தால் பச்சை, கூட்டம் கூட்டமாக. "ஒளிருதெண்டு உடன நம்பாதையும், பிறபொருளெதிரி போடாததையும் பாரும்," என்பீரே, அதையும் எடுத்தேன். அதுவும் ஒளிர வேண்டும், கண்டதெல்லாம் பொய்யாக வேண்டும் என்று மன்றாடினேன். அது கும்மிருட்டாக இருந்தது.

கட்டளை நிற்கவில்லை. நீர் பட்ட பாடெல்லாம் வீண். இதை உமது முகத்தைப் பார்த்துச் சொல்லாமல் தப்பினேன் என்றும் ஒரு நினைப்பு வருகிறது, அதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. களைத்துவிட்டேன்.

ஒளி படப்பட அந்தச் சாயம் மங்கிவிடும். நான் ரசித்துக்கொண்டு நின்றால் பின்னாலிருந்து அதட்டுவீர்: "பாத்துக்கொண்டு நிக்காதையும். படத்தை எடுத்திட்டு விளக்கை மூடும்." இன்று நின்றேன். உமது உடம்பில் இந்த மண்ணுக்கு மேலே மிஞ்சியது அவ்வளவுதான். கண்முன்னே பச்சை மங்கத் தொடங்கியபிறகுதான் படத்தை எடுத்து விளக்கை மூடினேன்.

பெட்டியைக் கழுவி வைத்திருக்கிறேன், வாடை போகவில்லை. நாளைக்கு வேறு யாருடையதோ வழுக்கிகள் இருக்கின்றன. நீர் சொன்னபடியே உடனே படமெடுத்து மூடுவேன். உம்முடையதில் மட்டும் கூட நேரம் நின்றுவிட்டேன். அதட்ட ஒருவரும் இல்லை.