கெமிக்கல் படாத ஒரு கிண்ணம்

எண்ணூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கீர்த்திக்கு நைனா எழுதுவது. அயர்லாந்துக் குளிரில் உடம்பைப் பார்த்துக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் இருக்கிறோம், அவ்வளவுதான். போனில் அம்மா பேசவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே, அவள் என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. உன் தம்பியின் சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வந்து, அறுந்த வலையை எடுத்து வைத்துத் தைத்தேன். மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது.

பொன்ராஜுக்குக் கருமாதி இன்னும் ஆகவில்லை. ஏன் என்று போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அவனுக்கு ஈரல் ஆபரேஷன் செய்தபோது கட்டியோடு ஓரத்தில் கொஞ்சம் நல்ல சதையும் எடுத்திருக்கிறார்கள், ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கு அவனும் சரி என்றிருக்கிறான். அந்தத் துணுக்கிலிருந்து லேபில் குட்டிக் குட்டி ஈரலாக வளர்த்து வைத்திருக்கிறார்களாம். துக்கம் கேட்க வந்த அந்த லேப் டாக்டர் ஜெஸ்லின் இதைச் சொன்னதும் அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். உயிரோட கீறவனுக்கு இன்னாத்துக்குய்யா கருமாதி என்கிறாள். ஊர்ப் பெரியவர்களோ, தீட்டோட எப்டி கடலுக்குப் போட்டைத் தள்ளுவே எத்திராஜு என்கிறார்கள். நானும் கரையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

போன வாரம் இரண்டு பேரும் லேபுக்குப் போனோம். கண்ணாடிக் கிண்ணத்தில் மீன் சினை மாதிரி பொடிப்பொடியாக உருண்டைகள். அம்மா குனிந்து பார்த்துவிட்டு, இதுக்கு இன்னா துண்றதுக்குக் குடுப்பீங்க என்று கேட்டாள். சத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்போம் என்றார் டாக்டர். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். மாத்தூர் பக்கம் ஷெட்டில் பொன்ராஜ் டிரம் கழுவினானே, அந்த டிரம்மில் வந்த கெமிக்கலை இதன்மேல் விட்டு, உள்ளே இருக்கும் மரபணு உடைகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அவன் ஒப்புக்கொண்டது நோய் ஆராய்ச்சிக்கு, இது வேறு வேலை, அதனால் உங்களைக் கேட்கிறேன் என்றார். ஒரு தபா பட்டது பத்தாதா என்று கத்திவிட்டு அம்மா வெளியே போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன்.

அவனோடு வேலை பார்த்த திலீப் இன்னும் அங்கேதான் டிரம் கழுவுகிறான். அவன் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள். நேற்று வந்தவன், டெஸ்ட் பண்ணா அந்தக் கெமிக்கலாலதான் நோவு வந்துச்சான்னு தெரிஞ்சிடுமா நைனா என்று மட்டும் கேட்டான். அம்மா அவனுக்குச் சோறு போட்டாள். அவன் போன பிறகு, ஊத்திப் பாக்கச் சொல்லு, ஆனா ஒரு கிண்ணத்துல மட்டும் அத்த ஊத்தக் கூடாது என்றாள். டாக்டரிடம் சொன்னேன். ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் ஒரு கிண்ணத்தில் கெமிக்கல் விடாமல்தான் வைப்போம், டெஸ்ட் முடிந்து அதை உறைய வைத்தால் பல வருஷம் உயிரோடு இருக்கும் என்றார்.

ஆகவே கருமாதியை நாங்கள் செய்யப்போவதில்லை. ஊர் பேசினால் பேசட்டும், நாளைக்கு நான் கடலுக்குப் போகிறேன். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதமும் அதுதான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அந்தக் கிண்ணத்தைப் பற்றிப் பிற்காலத்தில் யாரைக் கேட்பது என்று டாக்டர் கேட்டார், உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். எங்கள் காலத்துக்குப் பிறகு, போதும் என்று உனக்குத் தோன்றுகிற அன்று அதை உறைய வைத்திருப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, தம்பிக்குக் கருமாதியை நீதான் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா எத்திராஜ்