பேப்பராபீஸ் செண்பகவல்லி

8-2-81, ஞாயிறு

காலையில் பனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. எட்டுக்கு மேல்தான் வெயில். தண்ணீர் பிடித்தேன். மாத்திரை ஆயிற்று. மகள் கலா இட்லி வைத்தாள். இரண்டு போதும் என்றேன், மூன்று வைத்தாள். அம்மா கை.

வாங்க வேண்டியது: சாம்பிராணி, நல்லெண்ணெய். இலைக்கட்டு சொல்லிவைக்க. குடைக்கம்பி மாற்ற (எதற்கு? மாசியில் மழையா?).

வரும் சனிக்கிழமை செண்பகவல்லிக்குப் பதினாறாம் நாள் காரியம். 'என் மனைவி' என்று பக்கத்தில் எழுதினேன். இதை நான் ஒருவன்தான் படிக்கிறேன், எனக்கு எதற்கு அந்த விளக்கம்? அடிக்கவும் மனமில்லை. இனி 'செ.' என்றே எழுதுகிறேன், வழக்கம்போல.

பத்து மணிக்குக் கழுகுமலையிலிருந்து ஒரு அம்மாள். முன்பின் தெரியாதவர். வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

"வாத்தியாரய்யா, எங்களுக்குத் தெரியாமப் போச்சே. எம்மவன் பேப்பர்ல படிச்சிருக்கான். யாரோ ஒரு வாத்தியார் பொண்டாட்டின்னு மடிச்சு வச்சிட்டான். நேத்து சந்தையில ஒருத்தி சொல்லுதா, ஏட்டி, நம்ம பேப்பராபீஸ் அக்காட்டின்னு."

அண்ணன் கொடுத்த அறிவிப்பு அப்படித்தான் வந்திருந்தது. 'ஓய்வுபெற்ற ஆசிரியர் திரு. வே. சங்கரநாராயணன் மனைவியும், பருத்திக்கொட்டை வியாபாரி திரு. வே. ஆறுமுகம் அவர்களின் தம்பி மனைவியுமான செண்பகவல்லி'. எங்கள் கோவில்பட்டி அம்மன் பேர். தெருவுக்கு நாலு செண்பகவல்லி. எந்தச் செண்பகவல்லி என்று யார் கண்டார்கள்?

அந்த அம்மாளின் தாய் இறந்தபோது, பேப்பரில் போட செ. வேலை பார்த்த பேப்பராபீசுக்கு வந்தார்களாம். செ. கேட்டாளாம், "ஒங்க அம்மா என்ன செஞ்சாவ?" "ஒண்ணும் செய்யல, காட்டு வேலதான்." மறுநாள் பேப்பரில், 'ஐம்பது ஆண்டுகள் கரிசல் காட்டில் பயிர் செய்தவர்'. அதைக் கத்தரித்துக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்களாம்.

"போட்டா இல்ல எங்கம்மைக்கு. அந்த எழுத்துதான் போட்டா" என்றார்.

எனக்கு இது தெரியாது. என்னிடம் சொன்னதே இல்லை. தினமும் சாயங்காலம் கேட்பேன், ஆபீசில் என்ன விசேஷம் என்று. "ரெண்டு சாவு, ஒரு ஏலம்" என்பாள். அவ்வளவுதான்.

9-2-81, திங்கள்

பனி குறைவு. முழங்கால் வலி.

கலா அடுக்களை அலமாரியை ஒழிக்கிறாள். தட்டுகளில் விரித்திருந்த பழைய பேப்பரை உருவப் போனாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. திரும்பிப் பார்த்தாள்.

செ. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊர்ப் பேப்பர் ஒன்று வாங்கி வருவாள். புடவை இல்லை, பொம்மை இல்லை, பேப்பர். அந்த ஊர் எழுத்து படிக்கத் தெரியாது. அச்சைத் தடவிப் பார்ப்பாள், மையை மோந்து பார்ப்பாள். "நம்மாளு மை இப்படி ஒட்டாது பாருங்க." பிறகு அலமாரியில் விரித்துவிடுவாள். துவரம்பருப்பு டின் கல்கத்தாவில். மிளகாய்வற்றல் லாகூர் எழுத்துமாதிரி ஒன்றில் (அது டில்லி உருது என்று பிறகு தெரிந்தது). புளிப்பானை பம்பாயில்.

எந்தப் பாஷையானாலும் சாவு அறிவிப்புப் பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவாள். "இதுல என்ன கஷ்டம்? மூஞ்சிய வரிசையா வச்சிருப்பான்." பெண்கள் முகத்தை விரலால் எண்ணுவாள். "காசியிலயும் கொறச்சல்தான்" என்பாள்.

போன ஊர்கள், நினைவுள்ளவரை: கொழும்பு (கல்யாணத்துக்கு முன், மாமாவோடு). கல்கத்தா இரண்டு தடவை. பூரி. காசி. டில்லி, ஸ்ரீநகர் ஒரே பயணம். பம்பாய். டார்ஜிலிங். பூரி முதலா காசி முதலா? சரியாகத் தெரியவில்லை. கேட்க ஆளில்லை.

ஒவ்வொரு வருஷமும் லீவு எடுப்பாள். ஒரு ரெக்சின் பை, ஒரு கூஜா. பாதிப் பயணம் தனியாக. நான் ஸ்டேஷன்வரை. முப்பத்திரண்டு வருஷம் பூகோளம் நடத்தியவன், வடக்கே சென்னையைத் தாண்டியதில்லை. ரயிலில் ஏறினால் இறங்க வேண்டிய இடம் போய்விடுமோ என்ற பயம். கங்கை எங்கே பிறக்கிறது என்று நான் பலகையில் கோடு போட்டுக்கொண்டிருந்த வாரம் அவள் அதில் இறங்கி நின்றிருந்தாள். வந்து சொன்னாள், "தண்ணி பிடிச்சுத் தள்ளுது. ஒங்க மேப்புல அது தெரியாது."

பயமாக இல்லையா, பாஷை தெரியாத ஊரில், என்று ஒருமுறை கேட்டேன்.

"வேண்டாம்ங்கிற ஒரு வார்த்தய அந்த ஊரு பாஷயில படிச்சுக்கிட்டாப் போதும். எங்கயும் போயிட்டு வந்திரலாம்."

அத்தனை மொழியில் அவளுக்கு அந்தச் சொல் தெரியும். எனக்குத் தமிழிலேயே வராது.

10-2-81, செவ்வாய்

வெயில். காற்றில் பஞ்சு. பருத்தி வண்டிகள் வர ஆரம்பித்துவிட்டன.

மாலை அண்ணன் வந்தார், மதினியும். பதினாறாம் நாள் அறிவிப்பை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

"இந்தா, படிச்சுப் பாத்து பேப்பராபீஸ் மாரியப்பன்ட்ட குடுத்திரு. சனிக்கெழமப் பேப்பர்ல வரணும்னா வியாழக்கெழம சாயந்தரத்துக்குள்ள மதுரைக்கு அச்சுக்குப் போவணுமாம்."

படித்தேன். அதே வாசகம். மனைவியும், தம்பி மனைவியும் ஆன.

"அண்ணே, பேப்பராபீஸ்ல இருந்தான்னு ஒரு வார்த்தை..."

"எதுக்கு?"

"பேர் போட்டும் ஆளுகளுக்குத் தெரியலை. முந்தாநாள் கழுகுமலையிலிருந்து..."

"ஏலே, ஊர்ல நூறு செண்பகவல்லி. அதுக்குத்தான நம்ம வீட்டுப் பேரு போடுதோம். ஆறுமுகம் தம்பி பொண்டாட்டின்னா ஆருக்குத் தெரியாது? நம்ம பேரு பத்தலயா ஒனக்கு?"

நான் தாளை மடித்தேன்.

"நீ டைபாய்டுல கெடந்த. பள்ளிக்கூடத்துல சம்பளம் கெடையாது. வேலைக்குப் போனா, சரி. நீ எந்திரிச்ச பெறவும் நிக்கல. அப்பம் ஊரு என்ன பேசிச்சின்னு கடையில ஒக்காந்து கேட்டவன் நானு. பொண்டாட்டி சோறு திங்கான்னு. அத எல்லாம் மறந்து போச்சு. இப்பம் நீயே வெளம்பரம் குடுத்து ஞாபகப்படுத்தப் போறியா?"

அண்ணன் கெட்டவர் இல்லை. என்னைப் படிக்கவைத்தவர். அன்று அத்தனை பேச்சையும் கேட்டுக்கொண்டு எனக்குச் சொல்லாமல் இருந்தவர். இதை எழுதிவைக்க வேண்டும்.

"சரி அண்ணே" என்றேன்.

மதினி கதவுப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

11-2-81, புதன்

குடை சரியாயிற்று. இலைக்கட்டு சொல்லியாயிற்று. அண்ணன் எழுதிய தாள் சட்டைப் பையில். இன்னும் கொடுக்கவில்லை.

மாரியப்பன் வந்தான். செ. ஓய்வுபெற்றபின் அவள் இடத்துக்கு வந்தவன். அவளே பழக்கியவன். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அன்னைக்கு நான் புதியம்புத்தூர் போயிட்டேன் சார், எங்க வீட்டு அக்கா மக கல்யாணத்துக்குச் சட்ட எடுக்க. ஒங்க அண்ணாச்சியே மதுரைக்குப் போன்ல சொல்லியிருக்காவ. அங்க எடுத்தவன் புதுப்பையன், கேட்டத எழுதிட்டான். நம்ம பேப்பர்லயே நம்ம அக்கா சாவு வந்திருக்கு, நம்ம ஆளுக ஒருத்தருக்கும் தெரியல சார். அச்சுக்கோத்தவனுக்குத் தெரியல. புரூப் பாத்தவருக்குத் தெரியல. இப்பவும் பாதிப் பேருக்குத் தெரியாது சார்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பேப்பராபீஸ் போனில், டிரங்க் லைனில், எப்போதும் இரைச்சல். மதுரைக்குச் செய்தி சொல்வதென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். செ. கத்துவது மெயின் ரோடு முழுக்கக் கேட்கும். மறுநாள் பேப்பர் வருமுன்பே கடைக்காரர்களுக்குத் தெரியும், இன்ன ஊரில் இன்னார் போய்ச் சேர்ந்தார் என்று. தராசைப் பிடித்தபடி நின்று கேட்பார்களாம். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானும் சைக்கிளை நிறுத்தியிருக்கிறேன். வீட்டில் 'உப்பு போதுமா' என்று கேட்கிற குரலா இது? ஊர் பேர் தெரியாத ஒரு கிழவியின் பேரை அறுபது மைலுக்கு அப்பால் எறிகிற குரல்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பி.ஏ., எல்.டி. படித்தவன், எட்டு வரி வரவில்லை. எல்லாரிடமும் அவள் கேட்கிற கேள்வியை என்னிடமே கேட்டேன். அவிய என்ன செஞ்சாவ?

ஆபீஸ் போனாள். ஊர் ஊராகப் போனாள். கலாவைப் பெற்றாள், படிக்கவைத்தாள், மாப்பிள்ளை பார்க்க விருதுநகருக்கு அவளேதான் போய்வந்தாள். எனக்குக் கஞ்சி வைத்தாள். இத்தனையும் ஒரு ஆள். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். மலைக்குப் பக்கத்தில் வீடு கட்டியிருப்பவனுக்கு மலை முழுதாகத் தெரிவதில்லை.

நாலு தடவை அடித்து எழுதினேன். கலாவிடம் காட்டவில்லை. அண்ணன் சொன்னதுதான் சரியோ?

12-2-81, வியாழன்

வரிசையாக எழுத முயல்கிறேன்.

மூன்று மணிக்குப் பேப்பராபீஸ். வலது பையில் அண்ணன் தாள், இடது பையில் என் தாள். மாரியப்பன் மதுரைக்கு டிரங்க் கால் பதிந்துவைத்திருந்தான். எப்போது வரும் என்று சொல்ல முடியாதாம். அரைமணி உட்கார்ந்திருந்தோம். "ஒரு டீ சொல்லிட்டு வாரேன் சார்" என்று இறங்கினான். அவன் போனதும் மணி அடித்தது.

எடுத்தேன். வேறு யார் எடுப்பது? ஆபரேட்டர், "மதுரை பேசுங்க."

"கோவில்பட்டியா? சொல்லுங்க சார், எழுதிக்கறேன்."

வலது பையில்தான் கை போயிற்று. உண்மையைச் சொல்ல வேண்டும். அண்ணன் தாளைப் பிரித்து, 'ஓய்வுபெற்ற ஆசிரியர் திரு.' வரை வாசித்தேன். என் பேர் வந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. செத்தவள் அவள், முதலில் எதற்கு நான்?

"கேக்கல சார், சத்தமா!"

தாளை மேசையில் வைத்தேன். அடுத்ததை எடுத்தேன்.

"பேப்பராபீஸ் செண்பகவல்லி" என்றேன்.

"இன்னும் சத்தமா சார்!"

"பேப்பராபீஸ் செண்பகவல்லி!"

நாற்பது வருஷத்தில் அவள் பேரைச் சொல்லி நான் கூப்பிட்டதில்லை. 'கலாம்மா' என்பேன், இல்லாவிட்டால் செருமுவேன். தெருவுக்கே கேட்க இப்போது. எதிரே சோடாக்கடைக்காரர் வெளியே வந்தார். துணிக்கடையில் தலைகள். நாலு கடை தள்ளி அண்ணன் கடை. அந்தப் பக்கம் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு கத்தினேன்.

"இந்தப் பத்திரிகையின் கோவில்பட்டி அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவர்! கொழும்பு முதல் காஷ்மீர் வரை, பெரும்பாலும் தனியாக, போய் வந்தவர்! ஆயிரம் குடும்பத்துச் சாவைக் கேட்டு எழுதியவர்! கலாவின் தாய்! சங்கரநாராயணன் மனைவி!"

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"சார். நம்ம கோவில்பட்டி அக்காவா சார்?"

"ஆமா."

"பதினோரு வருஷம் அவங்க சொல்லி நான் எழுதிருக்கேன் சார். பேர் தெரியாது. எங்களுக்கு அவங்க கோவில்பட்டிதான். சாப்ட்டியாப்பான்னு கேட்டுட்டுத்தான் சாவு சொல்ல ஆரம்பிப்பாங்க." மூக்கை உறிஞ்சினார். "சார், நீங்க சாப்ட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன். மூன்று நிமிஷம் முடிந்து கால் துண்டாயிற்று.

மாரியப்பன் டீயோடு படியில் நின்றுகொண்டிருந்தான். அண்ணன் கடை வழியாகத்தான் திரும்ப வேண்டும். கல்லாவில் இருந்தார். தலை நிமிரவில்லை.

13-2-81, வெள்ளி

அண்ணன் வரவில்லை. ஆள் அனுப்பவில்லை. இலைக்கட்டு வந்தது. தூக்கமில்லை. செய்தது சரியா?

14-2-81, சனி

பேப்பர் வந்தது. நாலாம் பக்கம், வலது மேல் மூலை. பேர்தான் முதலில். மதுரைக்காரர்கள் தாங்களாகவே கருப்புக் கட்டம் போட்டிருந்தார்கள்.

கூட்டம் எதிர்பார்க்கவில்லை. எட்டயபுரம் பஸ்ஸில் ஒரு கும்பல். தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், கையில் மருந்துக்கறை. ஒரு பஸ் கண்டக்டர். மதுரையிலிருந்து இரண்டு பேர், ஒருவர் போனில் பேசியவர், நான் நினைத்ததைவிடக் குள்ளம். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாமே எனக்குப் புதிது. கேட்டுக்கொண்டே இருந்தேன். இலை பத்தவில்லை. மாரியப்பன் ஓடினான்.

அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். காரியம் எல்லாம் அவர்தான் முன்னின்று நடத்தினார். என்னோடு பேசவில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபின் மதினி வந்து எதிரில் உட்கார்ந்தார். கையில் அந்தப் பேப்பர். படிக்கத் தெரியாது, கலா வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

"கொழுந்தனாரே, எனக்கும் இப்படித்தான் போடணும்."

"அது எதுக்கு மதினி இப்போ..."

"இப்பமே சொல்லி வச்சிருதேன். முத்தம்மான்னு மொதல்ல போடுங்க. பெறவுதான் ஒங்க அண்ணன் பேரு. மூணு பிள்ள பெத்தா, எட்டு மாடு வளத்தான்னு போடுங்க. ஊரு... நான் எங்கன போனேன்? திருச்செந்தூருக்கு ரெண்டு தடவ. அத வேண்டாம்னு விட்டுராதீங்க."

பென்சிலை எடுத்தேன். முத்தம்மாள். எட்டு மாடு. திருச்செந்தூர், இரண்டு தடவை.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அண்ணன் திரும்பாமலே சொன்னார்:

"மூணு தடவ. கடைசித் தடவ நான் கூட்டிட்டுப் போனேம்லா."