துணைப்பாடத்துக்கு வந்த பெண்

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். நானும் சுகம்தான், உன் அண்ணன் போனில் என்ன சொல்லியிருந்தாலும். அந்தக் கல்லூரிப் பெண்ணை நான் விரட்டியதாகச் சொன்னானாம். விரட்டவில்லை. இனி வர வேண்டாம் என்று மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவளுக்கு முக்கியப் பாடம் கணக்கியல், துணைப்பாடம் முதுமை. வாரம் ஒருமுறை வந்து என்னிடம் பேசிவிட்டுப் போவாள். போன மாதம், முதுமை எப்படி இருக்கும் என்று அனுபவித்துப் பார்க்க, பேராசிரியர் கொடுத்தார் என்று முரட்டுக் கையுறையும் மங்கலான கண்ணாடியும் மாட்டிக்கொண்டு என் சமையலறையில் டீ போடப் பார்த்தாள். சர்க்கரை டப்பாவைத் திறக்கவே தெரியாமல் தடுமாறினாள். கான்வென்டில் சிஸ்டர்கள் பழக்கிய பழக்கம், தப்பைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. நாங்கள் இப்படித் தடுமாறுவதில்லை என்று சொல்லி, மூடியைக் கதவிடுக்கில் கொடுத்துத் திருகிக் காட்டினேன். அடுப்பு எரிகிறதா என்று கண்ணால் தேடாமல் உள்ளங்கையை நீட்டிச் சூட்டில் தெரிந்துகொள்வதையும் காட்டினேன். அவள், "சூப்பர் மேடம், இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள். முதல் மதிப்பெண் வாங்கியவளைப் போல இன்னொரு தடவையும் காட்டினேன். என்னைப் பார்க்க வந்த உன் அண்ணி பின்னால் நின்றதை நான் கவனிக்கவில்லை.

அன்று மாலையே அண்ணன் வந்துவிட்டான். "கண்ணு தெரியாம நெருப்புல கைய நீட்டுறாங்க, நானே பார்த்தேன்" என்று அண்ணி அழாத குறை. அவன் சிரித்துக்கொண்டே, "அந்தப் பொண்ணு பாஸ், நீங்கதாம்மா ஃபெயில். வீட்ட வாடகைக்கு விட்டுட்டு எங்ககூட வந்துடுங்க" என்றான். நான் சிரிக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் அடுத்த வாரம் வந்த அந்தப் பெண்ணை வாசலோடு அனுப்பினேன். முகம் வாடிப் போனாள். பாவம், அவள் என்ன செய்தாள்? என்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருந்தவள் அவள் ஒருத்திதான். இப்போது அந்த நாற்காலியைப் பார்த்தால் மனது சங்கடப்படுகிறது.

என் வீட்டில் எந்தப் பொருள் எங்கே என்று என் கைக்குத் தெரியும். அண்ணன் வீட்டில் என் கைக்கு எதுவும் தெரியாது. நீ சொன்னால் அவன் கேட்பான்.

நேரத்துக்குச் சாப்பிடு, கழுத்து வலிக்கு வைத்தியம் பார். இருவரும் நன்றாக இருங்கள். நான் இங்கேயே இருக்கலாமா, கூடாதா என்று உன் கையால் எழுது. போன் வேண்டாம். போனில் நீ பேசுவதில் பாதி எனக்குக் கேட்பதில்லை; இதை நான் அந்தப் பெண்ணுக்குக்கூடக் காட்டவில்லை. பெரிய எழுத்தில் எழுது.

உன் அம்மா