மூன்று மோட்டார்களும் அண்ணன் விரலும்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலி குறைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். லீவு முடிந்து உங்கள் கம்பெனிக்குத் திரும்பிப் போகிறவர் ஒருவர் நாளை இந்தப் பக்கம் வருகிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுவேன். போனில் நீங்கள் கேட்டால் "நல்லா இருக்கோம்ப்பா" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வராது. பள்ளிக்கூடத்தில் "உள்ளேன் டீச்சர்" சொல்லவே நெஞ்சு படபடக்கும், உங்களுக்குத் தெரியாததா? அதோடு நீங்கள் கூப்பிடும்போது அண்ணன் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். இது அவனை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத விஷயம்.

குளியலறைக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது. அம்மா இருந்தபோது தைத்த மெஷினுக்கு எண்ணெய் போட்டேன், இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. பக்கத்து வீட்டு அக்கா தலையணை உறைகள் தைக்கக் கொடுக்கிறார். படிப்பை விட்டுவிட்டேன் என்று நீங்கள் அங்கே உட்கார்ந்து வருத்தப்பட வேண்டாம்.

அண்ணனின் ரிமோட் ரேஸ் காரைப் பற்றி எழுதினால் உங்களுக்குக் கோபம் வரும். "இருபத்திரண்டு வயசுல பொம்மை வண்டி" என்பீர்கள். கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள் அப்பா. எனக்கு விஷயம் தெரிந்தது அங்கேதான்.

அவன் ஓட்டுவது ஸ்டாக் பிரிவு. அதில் எல்லோருடைய மோட்டாரிலும் கம்பிச் சுற்று ஒரே எண்ணிக்கைதான் இருக்க வேண்டும். காசு இருக்கிறவன் பெரிய மோட்டாரை மாட்டி ஜெயித்துவிட முடியாது. ஆனாலும் அந்த மோட்டார்களில் ஒன்று மாதிரி இன்னொன்று ஓடாது. ஒன்றுக்குக் காந்தம் பலமாக இருக்கும், ஒன்று கிளம்பும்போதே பாயும், ஒன்று நேர்கோட்டில் மட்டும் பறக்கும். பின்மூடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தால் வேகம் கூடும், சூடும் ஏறும். எவ்வளவு திருப்பினால் தாங்கும் என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு அண்ணன், ஓடி வந்த மோட்டாரின் மேல் இரண்டு விரலை வைப்பான். சூடு பார்க்கும் கருவி வைத்திருப்பவர்கள்கூட அவன் விரலைத்தான் நம்புவார்கள். அங்கே அவனுக்குப் பெயரே தெர்மாமீட்டர்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய கிடங்குக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் தரையில் மூன்று மோட்டார்களை ஒப்பிட்டுப் பார்த்தான். அவனுடைய வெள்ளி நிற மோட்டார், சிவப்பு டேப் சுற்றிய பழையது ஒன்று, ஒட்டடைக்குச்சி அண்ணனின் புதுக் கறுப்பு மோட்டார். ஒட்டடைக்குச்சி என்பவர் பஸ் ஓட்டுகிற ஒல்லியான அண்ணன். ஒரே கார், ஒரே பாட்டரி, ஒரே பற்சக்கரம். மோட்டாரை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினான். நான் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளி நிதானமாக ஓடியது. பழையது வளைவை விட்டு வெளியே வரும்போது திணறியது. கறுப்பு இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டது.

அண்ணன் கறுப்பைத் தொட்டுப் பார்த்து, "ஐஸ் மாதிரி இருக்கு, இன்னும் திருப்பலாம்" என்றான். திருப்பி ஓட்டினான். மறுபடி தொட்டான். இன்னும் திருப்பலாம் என்றான். மூன்றாவது ஓட்டத்தில் பாதி வழியில் புகை கிளம்பி வண்டி நின்றுவிட்டது. ஓடிப் போய் வண்டியை மோட்டாரோடு சேர்த்து அப்படியே கையில் அள்ளிக்கொண்டான்.

"டேய், கீழ போடுடா! சுடலையா?" என்று ஒட்டடைக்குச்சி அண்ணன் கத்தினார்.

"எதுண்ணே?" என்றான்.

அவன் விரல் தோல் வெள்ளையாக வெந்திருந்தது. எனக்கு அந்த வாடை வந்துவிட்டது அப்பா. ஒருவர், "என்னடா தெர்மாமீட்டர், பாதரசம் கொட்டிப்போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணனும் சிரித்தான். கறுப்பின் காந்தம் சூட்டில் செத்துவிட்டது. அதற்கு ஈடாகத் தன் வெள்ளி மோட்டாரைக் கழற்றிக் கொடுத்தான். ஒட்டடைக்குச்சி அண்ணன் வேண்டாம் என்றார், இவன் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக என் கண்ணில் பட்டது. சட்டைப் பொத்தான் போடத் தடுமாறினான். ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தான், இன்னொன்று எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. நான் அழுத அழுகைக்கு டாக்டரிடம் வந்தான். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி விரல் விரலாக ஊசியால் குத்தினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து அண்ணன், "இன்னும் ஆரம்பிக்கலையா சார்?" என்று கேட்டான்.

டாக்டர் முதலில் கேட்டது என்ன வேலை என்றுதான். செல்போன் கண்ணாடி மாற்றுகிற இடம் என்றோம். எதைப் போட்டுத் துடைக்கிறீர்கள் என்றார். சாப்பாடு கொடுக்கப் போனபோது அந்த அறையை நான் பார்த்திருக்கிறேன். தூசி விழக்கூடாது என்று ஜன்னலையெல்லாம் டேப் ஒட்டி மூடியிருப்பார்கள். டின்னில் இருக்கிற திரவத்தைத் துணியில் ஊற்றி, வெறும் கையால் நாள் முழுக்கத் துடைப்பார்கள். பெட்ரோல் மாதிரி ஒரு வாடை. எனக்கு நின்ற நேரத்திலேயே தலை சுற்றியது. அந்த வாடைதான் நரம்பைத் தின்கிறது என்றார் டாக்டர். இப்போதே வேலையை விட்டால் உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பலாம், முழுதாகத் திரும்புமா என்று சொல்ல முடியாது. விடாவிட்டால் அடுத்து நடையே போய்விடும் என்றார்.

மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

நான் வாசலை மறித்தேன். "நீ எப்போலேர்ந்து பேச ஆரம்பிச்சே?" என்று கிண்டல் பண்ணினான். பிறகு சொன்னான்: "ரெண்டு வேலையை விட்டேன். மூணாவதையும் விட்டா என் முகத்துல முழிக்காதேன்னு அப்பா சொல்லிட்டாரு. மாமாகிட்ட அவரு கெஞ்சி வாங்கித் தந்த வேலை. அப்பாகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன், விரல் மரத்துப்போச்சுன்னா? சாக்குன்னுதான் நினைப்பாரு."

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டாரை நான்தான் தொட்டுச் சொல்கிறேன். எவ்வளவு சூடு என்று கேட்பான். "அப்போதான் ஊத்தின டீ டம்ளர் மாதிரி", "வெயில்ல நின்ன சைக்கிள் சீட் மாதிரி" என்பேன். அத்தனை பேர் நடுவில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறேன். நான் சொல்வதைக் கேட்டு அவன் மூடியைத் திருப்புகிறான். அது சரியாகவும் இருக்கிறது. ஆனால் போன வாரம் திருகாணி அவன் விரலிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க விழுந்தது. கடைசியில் டப்பாவை மூடி வைத்துவிட்டு, வெயில் அதிகமாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றான். அன்றைக்கு வெயிலே இல்லை.

அப்பா, கடிதம் கிடைத்ததும் அவனைக் கூப்பிடுங்கள். நான் மாடிக்குத் துணி காயப்போடப் போய்விடுகிறேன். வேலையை விட்டுவிடு என்று உங்கள் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும். திட்டுவதென்றால் திட்டிவிட்டே சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று தெரிந்தால் என்னோடு பேச மாட்டான், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவன் உங்கள் பேச்சைக் கேட்காதவன் என்று எல்லோரிடமும் சொல்வீர்கள். இந்த ஒரு தடவை கேட்டிருக்கிறான் அப்பா. தினமும் காலையில் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான்.

உங்கள் பதிலுக்கு முன்னால் உங்கள் குரலை எதிர்பார்க்கும்,
உங்கள் மகள்